காற்றை அறிந்த பிள்ளைகளுக்குக் காட்டுத்தீக் கதைகள்

தூத்துக்குடிக் கடற்கரையில் பள்ளி நூலகத்துக்குப் புத்தகம் வாங்கப் போகும் ஆசிரியர் காட்டுத்தீ பற்றிய ஒரு கதைநூலைக் கையில் எடுத்தால், "நம்ம ஊர்ல காடு எங்க சார் இருக்கு?" என்று உடன் வந்தவர் கேட்பார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒரு பக்கம் துறைமுகம், இன்னொரு பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை உப்பளம். இந்த ஊர்ப் பிள்ளைக்குப் பேரிடர் என்றால் தண்ணீர்தான். 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கும். 2023 டிசம்பர் 17, 18 மழையைக் கண்ணாலேயே பார்த்திருக்கும். அன்று காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் கொட்டிய மழை சுமார் 95 சென்டிமீட்டர். அப்படியிருக்க, புயலும் வெள்ளமும் பற்றிய நூல்கள் போதாதா என்று கேட்பது இயல்பு. போதாது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். இந்தக் கரையிலுள்ள ஒவ்வொரு பள்ளி அலமாரியிலும் காட்டுத்தீ நூல் ஒன்றிரண்டாவது இருக்க வேண்டும். எந்த நூலை வாங்குவது என்பதை மட்டும் அட்டையில் எரியும் சுவாலையை வைத்து முடிவு செய்யக் கூடாது. தீ வந்து சேர்வதற்கு முந்தைய சில மணி நேரத்தை எந்த நூல் நன்றாகச் சொல்கிறதோ, அதுவே காசு கொடுத்து வாங்கத் தக்கது.

காடு இல்லை என்பதையே முதலில் சற்றுச் சோதித்துப் பார்க்கலாம். திருச்செந்தூர், உடன்குடிப் பக்கம் செம்மண் தேரிகளில் பனையும் உடைமரமும் முந்திரியும் நிற்கின்றன. வல்லநாட்டு மலையில் வெளிமான் சரணாலயம் இருக்கிறது. கோடையில் அங்கே புதர் முழுக்கக் காய்ந்து கிடக்கும். ஏறுவதற்கு ஆளில்லாமல் விட்ட பனையில் காவோலை கழிக்கப்படாமல் தொங்குகிறது. அடியில் புல் பற்றினால் தீ அந்த ஓலை வழியாக உச்சிக்கு ஏறும். காற்று எரியும் ஓலையைப் பிய்த்து அடுத்த மரத்தின்மேல் போடும். இது சிறிய அளவில் நடக்கும் காட்டுத்தீயேதான். பெரிய காட்டுக்கும் இந்த ஊருக்கும் உள்ள தொடர்பு ஆற்றின் வழியாக வருகிறது. தாமிரபரணி பிறக்கும் பொதிகை மலை, 1988இல் அமைந்த களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் பகுதி. மலைச்சரிவில் புல்லும் சருகும் எரிந்து மண் மூடாக்கில்லாமல் கிடந்தால், அடுத்து வரும் மழை சாம்பலையும் மேல்மண்ணையும் ஓடைகளில் இறக்கிவிடும். ஓடைகள் ஆற்றில் சேரும். ஆறு திருவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டிப் புன்னைக்காயலில் கடலைத் தொடும். வகுப்புச் சுவரில் மாவட்ட வரைபடத்தையும் பக்கத்தில் திருநெல்வேலி, தென்காசி வரைபடங்களையும் ஒட்டி, பிள்ளைகளை விரலால் இந்த வழியைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். காட்டுத்தீ நூலைத் திறக்கும் முன் செய்யவேண்டிய வேலை இது ஒன்றுதான். மலைமேல் எரிவது நம் வீட்டுக் குடத்தோடு தொடர்புடையது என்று புரிந்த பிள்ளைக்கு, "இது நமக்கு எதற்கு" என்ற கேள்வி எழாது.

இதைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. தீப்பிடிக்க வெப்பம், எரிபொருள், ஆக்சிஜன் மூன்றும் வேண்டும் என்று பாடநூல் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. பிடித்த தீ எந்தப் பக்கம் போகும், எவ்வளவு வேகத்தில் போகும் என்பதைக் காற்றும் சரிவும் எரிபொருளின் உலர்வும் தீர்மானிக்கின்றன. நல்ல காட்டுத்தீக் கதையைப் பிரித்துப் பார்த்தால் அதில் பாதி காற்றைப் பற்றியே இருக்கும்: காலையில் எந்தப் பக்கமிருந்து வீசியது, மதியம் ஏன் திரும்பியது, எரியும் பொறிகளை எவ்வளவு தூரம் முன்னால் கொண்டுபோய்ப் போட்டது. திரேஸ்புரத்திலோ புன்னைக்காயலிலோ மணப்பாட்டிலோ வளரும் பிள்ளை இந்த மொழியை வீட்டிலேயே கேட்டு வளர்கிறது. கச்சான் எப்போது எழும், வாடை எப்போது திரும்பும், கொண்டல் வீசினால் என்ன, சோழகம் வீசினால் என்ன என்பதெல்லாம் வலை பின்னும் திண்ணையில் அன்றாடம் புழங்கும் பேச்சு. உள்நாட்டு நகரத்துப் பிள்ளை தெரிந்துகொள்ளச் சிரமப்படும் ஒன்றை இந்தப் பிள்ளை முன்பே கையில் வைத்திருக்கிறது. ஆகவே காட்டுத்தீ நூலை இங்கே அந்நியப் பொருளாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. "இது காற்றுக் கதை, காற்றைப் பற்றி உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள்?" என்று தொடங்குங்கள். பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் அங்கே சொல்ல ஏதாவது இருக்கும்.

நூலைத் தேர்ந்தெடுக்கத் துறைமுகம் நமக்கு ஓர் அளவுகோலையும் தந்திருக்கிறது. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டதாகச் செய்தியில் கேட்காத தமிழர் இல்லை. அந்த எண்களின் பொருளை முழுதாக அறிந்தவர்கள்தான் குறைவு. உயரமான கம்பத்தில் பகலில் கூம்பும் உருளையுமான வடிவங்களையும் இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளையும் தொங்கவிடுவார்கள். மொத்தம் 11 எண்கள். ஒன்றும் இரண்டும் தொலைவிலுள்ள கடலில் நடப்பதைச் சொல்கின்றன. துறைமுகத்துக்கு இன்னும் ஒன்றுமில்லை. மூன்றும் நான்கும் உள்ளூர் எச்சரிக்கை. ஐந்து முதல் ஏழு வரை ஆபத்து, எட்டு முதல் பத்து வரை பேராபத்து. புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரையைக் கடக்கும் என்பதைப் பொறுத்து இவற்றுக்குள் எண் மாறும். பதினொன்று வேறு மாதிரி: வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான நிலைமை வரலாம் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்று பொருள். பதினொன்றாம் எண்ணை வகுப்பில் நிதானமாக விளக்குங்கள். காற்றின் வேகத்தைவிடச் செய்தி வராமல் போவதைத் தனி எண் கொடுத்து அஞ்சியிருக்கிறார்கள் என்பதை மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். பிறகு, வாங்க நினைக்கும் நூலின் ஒவ்வொரு அத்தியாயத்தின் ஓரத்திலும் பென்சிலால் ஒரு கூண்டு எண் போட்டுப் பாருங்கள். மோசமான பேரிடர் நூல்கள் எட்டில் தொடங்கிப் பத்தில் முடிகின்றன. நல்ல நூல் ஒன்றில் தொடங்கி, மூன்றில் தயங்கி, யாரோ ஒருவர் கவனிக்காமல் விட்டதால் ஏழுக்குத் தாவி, இறங்கும் வழியையும் காட்டுகிறது. பத்து பக்கம் படித்தும் எண் மாறவில்லை என்றால் அந்த நூலில் நெருப்பு மட்டும்தான் இருக்கிறது, கதை இல்லை.

இந்த அளவுகோலில் முதலில் நிற்பது ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஐவன் சவுத்தாலின் 'ஆஷ் ரோடு'. 1965இல் வந்த இந்த நூல் அடுத்த ஆண்டு அந்நாட்டின் சிறந்த சிறுவர் நூல் விருதைப் பெற்றது. நகரத்துப் பையன்கள் மூவர் பெரியவர் துணையில்லாமல் மலையடிவாரக் காட்டில் தங்குகிறார்கள். அவர்களுடைய ஸ்பிரிட் அடுப்பிலிருந்து தீ பற்றிக்கொள்கிறது. பயந்து ஓடுகிறார்கள். தீ ஒரு சாலையோரக் குடியிருப்பை நோக்கி வருகிறது. உடல் வலுவுள்ள பெரியவர்கள் தீயணைக்கப் போய்விட, சாலையில் எஞ்சியிருப்பவர்கள் பெரும்பாலும் சிறுவர்களும் முதியவர்களும்தான். இதில் வில்லன் கிடையாது. கெட்ட எண்ணமில்லாத பிள்ளைகள் செய்த தவறு, அதைச் சொல்ல வாய் வராத அச்சம், சொல்லாததால் கூடும் ஆபத்து என்றே கதை நகர்கிறது. பதின்மூன்று, பதினான்கு வயதில் ஒரு தவறை மறைத்துக்கொண்டு திரியாத பிள்ளை உலகத்தில் இல்லை. அதனால்தான் இந்த நூல் தீயைப் பார்த்தே இராத வாசகரையும் பிடித்துக்கொள்கிறது. அறுபது ஆண்டு பழைய நூல், மரங்களின் பெயரே விளங்காது என்ற மறுப்பு வரலாம். மரத்தின் பெயர் விளங்காவிட்டாலும் காற்று விளங்கும். தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் தீக்காலக் காற்று நாட்டின் உள்பகுதி வறண்ட நிலத்திலிருந்து சூடாக வருகிறது. நம் கச்சான் மேற்கு மலையின் அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமிழந்து, நிலம் கடந்து வந்து உப்பளத்தைக் காயவைக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கரும்பலகையில் வரைந்துவிட்டால் அந்நியம் பாதி தீர்ந்துவிடும்.

சாகசம் இல்லாவிட்டால் பிள்ளைகள் படிக்கமாட்டார்கள், முந்தைய மணி நேரம், எச்சரிக்கை என்று போனால் அது பேரிடர் மேலாண்மைத் துண்டுப்பிரசுரம் ஆகிவிடும் என்பார்கள். சாகசத்தை விலக்கச் சொல்லவில்லை. நாயகன் தப்பிப்பது அதிர்ஷ்டத்தாலா, அவன் ஏதோ ஒன்றைக் கவனித்ததாலா என்று மட்டும் பாருங்கள். அமெரிக்கரான ராட்மன் ஃபில்பிரிக்கின் 'வைல்டுஃபயர்' (2019) முழுக்க ஓட்டமும் தப்பித்தலும்தான். ஆனால் கோடை முகாமிலிருந்து வெளியேறும்போது செல்போனை எடுக்கத் திரும்பிப் போவதில்தான் அந்தச் சிறுவனின் துன்பம் தொடங்குகிறது. அந்த ஒரு முடிவை வைத்து ஒரு வகுப்பு நேரம் முழுக்கப் பேசலாம். வெள்ளத்தின்போது சான்றிதழ் எடுக்க, நகை எடுக்க, ஆட்டை அவிழ்க்கத் திரும்பிப் போனவர்களைப் பற்றி இந்தப் பிள்ளைகள் கேள்விப்பட்டிருப்பார்கள். லாரன் டார்ஷிஸின் 'ஐ சர்வைவ்டு' வரிசையில் 2020இல் வந்த கலிஃபோர்னியக் காட்டுத்தீ நூல் இன்னும் எளிமையானது. கதை முடிந்தபின் உண்மைத் தகவல்களும் இருக்கும். 2018 நவம்பர் 8 காலையில் மின்தடக் கம்பியிலிருந்து பிறந்த தீ சில மணி நேரத்துக்குள் பாரடைஸ் என்ற ஊரைப் பிடித்து 85 உயிர்களைக் கொண்டுபோனதையும், ஊரைவிட்டு வெளியேறும் சாலைகளில் வண்டிகள் நெரிந்து நின்றதையும் ஆசிரியர் சேர்த்துச் சொல்லலாம். இந்த வரிசையில் எழுத்தின் ஆழம் குறைவு என்று குறை சொல்பவர்கள் உண்டு, அது சரியும்கூட. ஆனாலும் நாயகன் பிழைத்துவிடுவான் என்று அட்டையிலேயே உறுதி சொல்லிவிடும் நூலுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. தண்ணீரில் பயந்த பிள்ளைக்கு முதலில் கொடுக்க இதுவே ஏற்றது.

தமிழ்ப் பிள்ளைக்குக் காட்டுத்தீ இலக்கியம் புதிதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. பாரதி பிறந்த எட்டயபுரம் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. அவருடைய அக்கினிக் குஞ்சுப் பாட்டைத் தெரியாத பள்ளிப் பிள்ளை குறைவு. சிறு நெருப்பு ஒரு காட்டையே முடித்துவிடும் அந்தப் பாட்டில் தீ வீரம், தீ விடுதலை. கண்ணகி எரித்த மதுரையில் தீ நீதி. காண்டவ வனத்தில் அது தேவனின் பசி. மூன்றும் பேரிலக்கியம், மூன்றையும் பிள்ளைகள் கற்கவே வேண்டும். சிக்கல் எங்கே என்றால், தீ எப்போதும் இன்னொன்றின் உருவமாகவே அறிமுகமாகி, புல்லையும் காற்றையும் தின்னும் பொருளாக அறிமுகம் ஆகாமலே போய்விடுவதுதான். பாட்டைச் சொல்லிக்கொடுத்த கையோடு, "காட்டு மரத்தின் பொந்தில் வைத்த நெருப்பு உண்மையிலேயே எப்படிப் பரவும்? உள்ளே காய்ந்த மரத்தூள் இருக்குமா? காற்று எந்த வழியாகப் போகும்?" என்று கேளுங்கள். பாட்டின் பெருமை இதனால் குறையாது. அந்த உவமை எவ்வளவு கூர்மையான பார்வையிலிருந்து வந்தது என்பது அப்போதுதான் தெரியும்.

தமிழ்நாட்டின் அண்மைக் காலக் காட்டுத்தீ என்றால் குரங்கணிதான் எல்லோர் நினைவுக்கும் வரும். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேலே கொழுக்குமலைப் பக்கம் மலையேறித் திரும்பிக்கொண்டிருந்த இளைஞர்கள் தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் இந்தத் துயரத்தைப் பேசலாம். பேசும்போது இறந்தவர்களின் பெயர், படம், கடைசி நிமிடக் காணொளி எதையும் கொண்டுவராதீர்கள். கேட்க வேண்டியவை எல்லாம் நிலத்தைப் பற்றியவை. கோடைக்காலத்தில் ஆளுயரப் புல் ஏன் அத்தனை காய்ந்திருந்தது? சரிவில் தீ ஏன் மேல்நோக்கி வேகமெடுக்கிறது? கீழே எரியும் சுவாலையின் சூடு மேலே உள்ள புல்லை முன்னதாகவே உலர்த்திப் பற்றத் தயாராக்கிவிடுகிறது. சமதளத்தில் ஓடித் தப்பலாம் என்ற கணக்கு சரிவில் பொய்த்துவிடும். மலைப்பள்ளங்கள் புகைபோக்கியைப் போல் காற்றை மேலே இழுப்பதால் ஒதுங்க நினைத்த இடமே கொடிய இடமாகலாம். வனத்துறை கோடைக்கு முன் வெட்டும் தீத்தடுப்புக் கோடு எதற்கு, அதன் அகலத்தைப் பலத்த காற்றில் பொறி தாண்டிவிடுமா என்பதையும் கேட்கலாம். யார் குற்றம் என்ற விவாதத்தில் வகுப்பு இறங்கினால் ஆசிரியர் மெல்ல இந்தக் கேள்விகளுக்குத் திருப்ப வேண்டும். குற்றம் தேடும் பேச்சு பிள்ளைகளுக்கு எளிது. ஆனால் அடுத்த முறை ஒரு சரிவின் அடியில் நிற்கும்போது அது உதவாது.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு அச்சத்தைப் பற்றியது. தீ, பள்ளி என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துக் கேட்டால் தமிழ்நாட்டுப் பெரியவர்கள் யாருக்கும் 2004 ஜூலை 16 நினைவுக்கு வரும். கும்பகோணத்தில் 94 குழந்தைகளைக் கொண்டுபோன நாள் அது. தூத்துக்குடிப் பிள்ளைகளில் பலர் 2023 டிசம்பரில் மொட்டைமாடியிலோ முகாமிலோ இரவைக் கழித்தவர்கள். ஆறாத புண்ணை ஏன் கிளற வேண்டும்? இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பிள்ளைகள்மேல் உள்ள அக்கறையால் கேட்கிறார்கள், அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் நாம் பேசாமலிருப்பதால் பிள்ளை பார்க்காமல் இருந்துவிடுவதில்லை. எரியும் காடும் அடித்துப்போகும் வீடும் முன்பின் விளக்கமில்லாமல், பின்னணி இசையோடு, செல்போனில் அரை நிமிடத் துண்டாக அவர்கள் கண்ணில் படுகின்றன. அதற்குத் தொடக்கமும் கிடையாது, முடிவும் கிடையாது. புத்தகத்துக்கு இரண்டும் உண்டு, மூடிவைக்கவும் முடியும். இங்கேதான் காட்டுத்தீ நூலின் தனிப் பயன் வருகிறது. வெள்ளத்தில் அவதிப்பட்ட பிள்ளையிடம் வெள்ளக் கதையை நேரடியாக நீட்டுவதைவிட, வேறொரு நாட்டில் வேறொரு பூதத்தால் வந்த ஆபத்தைக் கொடுப்பது மென்மையானது. தூரம் அதற்குப் பாதுகாப்பு. தீயைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டும் என்று தோன்றினால் அது தானாகப் பேசும். தோன்றாவிட்டால் தீயோடு நிறுத்திக்கொள்ளும். அந்த முடிவு பிள்ளையிடமே இருக்க வேண்டும். "உங்கள் வீட்டுக்குள் எவ்வளவு தண்ணீர் வந்தது?" என்று வகுப்பு நடுவே ஒருபோதும் கேட்காதீர்கள். எந்தப் பகுதியில் ஆபத்து வரும் என்பதை வாசிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்; திகைப்பு இலக்கியச் சுவைதான், ஆனால் இந்த நூல்களுக்கு அது வேண்டியதில்லை. எழுந்து போக விரும்பும் பிள்ளைக்குக் காரணம் கேட்காமல் அனுமதி கொடுங்கள். மணி அடிக்கும்போது கூண்டு எண் ஏழில் நிற்கும்படி வாசிப்பை நிறுத்தாதீர்கள். இறங்கும் பக்கம்வரை போய்விட்டு மூடுங்கள். ஒரு பிள்ளை பல நாள் தூக்கமில்லாமல் தவித்தாலோ, மழைச் சத்தத்துக்கே நடுங்கினாலோ, அது நூலகத்தின் வேலையைத் தாண்டியது. பெற்றோரோடு பேசி மருத்துவரிடமோ உளநல ஆலோசகரிடமோ அனுப்ப வேண்டும்.

நீங்கள் சொல்லும் நூல்கள் ஆங்கிலத்தில், அதுவும் அரசுப் பள்ளி நிதிக்கு எட்டாத விலையில் இருக்கின்றனவே என்பது நியாயமான குறை. இரண்டு வழிகள் உண்டு. சிறு வகுப்புகளுக்குப் படநூல் ஒரே ஒரு பிரதி போதும். ஜாக்கி ஃபிரெஞ்ச் எழுதி புரூஸ் வாட்லி வரைந்த 'ஃபயர்' (2014) படங்களாலேயே பேசும். ஆசிரியர் ஒருமுறை படித்துவிட்டு, புத்தகத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பி வைத்து, தம் சொந்தத் தமிழில் சொல்லிக்கொண்டு போகலாம். வெள்ளம், புயல், வறட்சி பற்றியும் இதே இருவர் நூல்கள் செய்திருப்பதால், தீயையும் நீரையும் ஒரே கையெழுத்தில் பார்க்கும் வாய்ப்பும் கிடைக்கிறது. சென்னை தாரா புக்ஸ் வெளியிட்ட ஜாய்தேப், மொய்னா சித்ரகார் இருவரின் 'சுனாமி', வங்காளப் படச்சுருள் மரபில் மடித்து விரியும் நூல். தரையில் நீளமாக விரித்தால் வகுப்பே சுற்றி உட்காரலாம். பெரிய பிள்ளைகளுக்கு, ஆங்கில நூலின் ஓர் அத்தியாயத்தை ஆசிரியர் தமிழில் வாரம் ஒருமுறை சொல்வது கதைசொல்லலாகவே அமைந்துவிடும். நூல் மேசைமேல் இருக்கட்டும், ஆர்வமுள்ளவர் எடுத்துப் பார்ப்பார். இலவசமாக வேண்டுமென்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் தந்த சிறு நூல்கள் பள்ளியிலேயே இருக்கும். அவற்றில் மழை, காடு, கடல் பற்றியவற்றைப் பிரித்து இந்த வரிசையோடு சேர்த்து அடுக்குங்கள். 'துளிர்' அறிவியல் இதழின் பழைய இதழ்கள் கிடைத்தால் விடாதீர்கள்.

அலமாரியில் ஒரு நூலாவது தீக்குப் பிந்தைய காலத்தைச் சொல்ல வேண்டும். 1988இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் எரிந்த பெருந்தீயைப் பற்றிப் பாட்ரிஷியா லாபர் எழுதிய 'சம்மர் ஆஃப் ஃபயர்' (1991) புகைப்படங்களோடு அதைச் செய்கிறது. சூடு பட்டால்தான் திறக்கும் கூம்புகளைக் கொண்ட பைன் மரங்களும், சாம்பலில் முளைக்கும் செடிகளும் அங்கே உண்டு. காட்டில் தீயே கூடாது என்று 1944 முதல் ஸ்மோக்கி என்ற கரடிச் சித்திரத்தை வைத்துப் பிரசாரம் செய்த நாட்டில், சிறு தீக்களையும் அணைத்துக்கொண்டே வந்ததால் எரிபொருள் குவிந்து பெருந்தீக்கு வழியானது என்ற பாடத்தையும் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லலாம். இதைக் கேட்டுவிட்டுப் பனங்காட்டில் தீ வைத்துப் பார்க்கக் கிளம்பிவிடுவார்களோ என்று அஞ்சினால், எந்தக் காட்டுக்கு எந்தத் தீ என்ற வேறுபாட்டை முதலில் சொல்லுங்கள். நம் மலைகளில் பெரும்பாலான தீ மனிதரால் மூள்வது. மேல்நிலை மாணவர்களை இங்கிருந்து கடலுக்கும் அழைத்துவரலாம். 1986இல் தேசியப் பூங்காவான மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு மூழ்கிவிட்டன. 2010லும் 2016லும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது. அதுவும் வெப்பம் உயிரை எரிப்பதுதான். சத்தமும் புகையும் இல்லை, அவ்வளவே. முத்துக்குளிப்பு 1961க்குப் பிறகு நடக்கவில்லை என்பதும் இந்த மெதுவான இழப்புகளின் வரிசையில் வரும். கல்லூரி வயதினர் ஜோ டி குரூஸின் 'கொற்கை' நாவலை இந்தக் கோணத்திலும் படிக்கலாம்.

வாங்கிய நூல்கள் தீர்ந்தபின் பிள்ளைகளே ஒரு நூல் செய்ய வேண்டும். அதற்கான பொருள் பக்கத்திலேயே இருக்கிறது. 2023 டிசம்பர் 17 இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில் திருவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. முன்னே தண்டவாளத்துக்கு அடியிலிருந்த சரளைக்கல்லை வெள்ளம் அரித்துப் போய்விட்டது. சுமார் 800 பயணிகள். நிலையத்தைச் சுற்றிலும் தண்ணீர். பக்கத்துக் கிராமத்து மக்கள் சமைத்துக் கொடுத்தார்கள்; மீட்பு வந்து சேர இரண்டு நாளாயிற்று. இந்தக் கதையின் உச்சம் ஹெலிகாப்டர் வந்ததில் இல்லை. போகலாமா, நிறுத்தலாமா என்று நிலையத்தில் முடிவெடுத்த அந்தச் சில நிமிடங்களில்தான் இருக்கிறது. பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்து, அந்த இரவின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு பக்கம் என்று கொடுங்கள். பக்கத்தின் மூலையில் கூண்டு எண். அந்த நேரத்தில் யாருக்கு என்ன தெரியும், யாருக்குத் தெரியாது என்று கீழே இரண்டு வரி. படம் வரைபவர் வரையட்டும், எழுதுபவர் எழுதட்டும். பயணிகளையும் ஊழியர்களையும் கற்பனைப் பெயரால் குறிப்பிடச் சொல்லுங்கள். சொந்த வீட்டு வெள்ளத்தை எழுத விரும்பும் பிள்ளை எழுதலாம், கட்டாயம் வேண்டாம். கோவில்பட்டியில் வாழும் உதயசங்கர் போன்ற பால சாகித்திய புரஸ்கார் பெற்ற சிறார் எழுத்தாளர் இதே மாவட்டத்தில் இருப்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். புத்தகம் எழுதுவது நம் ஊரில் நடக்கிற வேலைதான் என்று தெரிந்தால் பேனாவில் துணிவு வரும்.

எப்போது வாசிப்பது என்பதும் முக்கியம். மேற்குமலையில் தீக்காலம் பிப்ரவரியில் தொடங்கி மே வரை போகும். ஆகவே பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும் தீ நூல்களை எடுத்துத் தேர்வுக்காலத்துக்கு முன் முடித்துவிடுங்கள். கோடை விடுமுறையில் குற்றாலத்துக்கோ பாபநாசத்துக்கோ போகும் பிள்ளை மலையை வேறு கண்ணோடு பார்க்கும். நீர் நூல்களுக்கு ஜூலையும் ஆகஸ்டும் ஏற்ற மாதங்கள். அப்போது கச்சான் வீசிக்கொண்டிருக்கும், மழை பற்றிய கவலை இருக்காது, வடகிழக்குப் பருவமழைக்கு இரண்டு மாத இடைவெளியும் இருக்கும். ரயில் நூலைச் செய்யும் வேலையை செப்டம்பரில் வைத்துக்கொள்ளலாம். நவம்பர், டிசம்பரில் இந்த நூல்கள் எதையும் வகுப்பு முழுக்க உரக்க வாசிக்க வேண்டாம். அலமாரியில் கைக்கெட்டும் தட்டில் வைத்திருங்கள், கேட்கிற பிள்ளைக்கு எடுத்துக் கொடுங்கள்.